மண்டியிட்ட ஆட்டக்காரர்களும் அமெரிக்கப் போலீஸும்: சண்டை உண்மையில் எதைப் பற்றியது?

கேள்வி இது: "தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்காத அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் காலின் கேப்பர்னிக் செய்தது ராணுவ அவமதிப்பா? கருத்துச் சுதந்திரம் பேசும் அமெரிக்காவில் அவருக்கு வேலை போனது எப்படி? போலீஸ் தரப்பில் நியாயமே கிடையாதா?"

முதலில் சுருக்கமான பதில். ராணுவத்தை அவமதித்தார் என்ற குற்றச்சாட்டு நிற்காது, ஆனால் அதைப் பார்த்து மனம் புண்பட்டவர்கள் நிஜமாகவே புண்பட்டார்கள். அமெரிக்க அரசியல் சட்டம் அவரைக் காப்பாற்றவில்லை, காப்பாற்ற அதற்கு வழியும் இல்லை. போலீஸ் தரப்பில் நியாயம் உண்டு, ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் இடத்தில் அது இல்லை. கொடி, வேலை, காவல்துறை ஆகிய மூன்றும் தனித்தனி வழக்குகள். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசியதில் அடியில் நசுங்கிப்போனது அவர் எழுப்பிய கேள்விதான்: ஒரு போலீஸ்காரர் ஆளைக் கொன்றுவிட்டால் அடுத்து என்ன நடக்கிறது?

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2016 ஜூலை 5 அன்று லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜில் ஆல்டன் ஸ்டெர்லிங்கையும், மறுநாள் மின்னசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீலையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. இரண்டும் வீடியோவாக நாடு முழுக்கப் பரவின. ஜூலை 7 இரவு டாலஸ் நகரில் இவற்றைக் கண்டித்து அமைதியாக நடந்துகொண்டிருந்த ஊர்வலத்தில், போலீஸாரைக் குறிவைத்து ஒருவன் சுட்டான். காவலர்கள் 5 பேர் இறந்தார்கள். பத்து நாள் கழித்து பேட்டன் ரூஜில் இன்னும் 3 காவலர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் இரண்டு தரப்பு வீடுகளிலும் சாவு விழுந்த நாடு அது. இதை மறந்துவிட்டால் பிறகு வந்த கோபங்கள் எதுவும் புரியாது.

கேப்பர்னிக் அப்போது சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர். 2013 பிப்ரவரியில் அணியை சூப்பர் பௌல் இறுதி ஆட்டம்வரை கொண்டுபோய், பால்டிமோரிடம் 34-31 என்று தோற்றவர். 2016 ஆகஸ்டில் சீசனுக்கு முந்தைய முதல் இரண்டு ஆட்டங்களிலும் கீதம் ஒலித்தபோது பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். அன்று அவர் சீருடையில் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 26, கிரீன் பே அணியுடனான மூன்றாவது ஆட்டத்தில் ஒரு செய்தியாளர் எடுத்துப் போட்ட மைதானப் படத்தில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்துவிட்டது. காரணம் கேட்டபோது இரண்டு விஷயம் சொன்னார். கறுப்பினத்தவரை ஒடுக்கும் நாட்டின் கொடிக்குப் பெருமை காட்ட எழுந்து நிற்கமாட்டேன் என்பது ஒன்று. தெருவில் பிணங்கள் கிடக்கின்றன, கொன்றவர்கள் சம்பளத்தோடு விடுப்பில் போய்த் தப்பித்துக்கொள்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி நாடே பேசியது. இரண்டாவதை விசாரித்தவர்கள் குறைவு. பின்னால் அதற்கு வருகிறேன்.

மண்டியிடும் யோசனை ஒரு முன்னாள் ராணுவ வீரரிடமிருந்து வந்தது. நேட் போயர் அமெரிக்கச் சிறப்புப் படையில் பணியாற்றியவர், பிறகு சிறிது காலம் சியாட்டில் கால்பந்து அணியில் இருந்தவர். கேப்பர்னிக் உட்கார்ந்ததில் தனக்கு ஏற்பட்ட வருத்தத்தை ஒரு ராணுவப் பத்திரிகையில் திறந்த கடிதமாக எழுதினார். வசை எதுவும் இல்லாத கடிதம். கேப்பர்னிக் அவரை அழைத்து சான் டியேகோவில் சந்தித்தார். உட்காருவதைவிட ஒரு முழங்காலில் மண்டியிடலாம், போரில் இறந்த தோழனின் கல்லறை முன் ராணுவத்தினர் அப்படித்தான் மண்டியிடுவார்கள் என்றார் போயர். செப்டம்பர் 1 அன்று கேப்பர்னிக்கும் சக ஆட்டக்காரர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள். போயர் பக்கத்திலேயே நெஞ்சில் கைவைத்து நின்றார். உலகம் முழுக்க "அவமதிப்பின் அடையாளம்" என்று பார்க்கப்பட்ட அந்தச் சைகை, அவமதிப்பைக் குறைப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

சட்டத்துக்கு வருவோம். கீதம் ஒலிக்கும்போது கொடியைப் பார்த்து, வலக்கையை நெஞ்சில் வைத்து நிற்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 36-ஆம் தலைப்பு, 301-ஆம் பிரிவு சொல்கிறது. அது அறிவுரை, மீறினால் தண்டனை எதுவும் அதில் இல்லை. அதே வகையைச் சேர்ந்த கொடி விதிகளில் இன்னொன்றும் உண்டு: கொடியைப் படுக்கைவாட்டில் விரித்துத் தூக்கிப்போகக் கூடாது, விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆட்டத்துக்கு முன் மைதானம் முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் பிடித்து விரிக்கும் அந்தப் பிரம்மாண்டக் கொடி, விதியை எழுத்துப்படி வாசித்தால், விதிமீறல். அதற்காக யாரும் கொதித்தெழுந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் இரவு நேரப் பெரிய ஆட்டங்களில் 2009 வரை ஆட்டக்காரர்கள் கீதத்தின்போது பெரும்பாலும் உடைமாற்றும் அறையிலேயே இருப்பார்கள். தொலைக்காட்சி நேரக் கணக்குதான் காரணம். 2015-இல் செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் ஜெஃப் ஃபிளேக்கும் வெளியிட்ட அறிக்கை, ராணுவத் தலைமையகம் விளையாட்டு அணிகளுக்குப் பணம் கொடுத்தே பல தேசபக்தி நிகழ்ச்சிகளை நடத்தியதை வெளிப்படுத்தியது. வீரரைக் கௌரவித்தல், கொடி விரித்தல் போன்றவை அடங்கிய ஒப்பந்தங்களின் மதிப்பு 68 லட்சம் டாலர். 2016-இல் என்எஃப்எல் 7,23,734 டாலரைத் திருப்பிக் கொடுத்தது. இதில் மெக்கெய்ன் வியட்நாமில் போர்க் கைதியாக இருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடியை மதிக்காதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும், புண்பட்டவர்களைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மடித்த கொடியைப் போரில் இறந்த மகனுக்குப் பதிலாக வாங்கிக்கொண்ட ஒரு தாய்க்கு அந்தக் கீதம் கொள்கை விவாதம் அல்ல. அவர் கோபப்பட உரிமை உண்டு. அந்தக் கோபத்தை வைத்து மற்றவரின் வேலையைப் பறிக்கலாமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. பள்ளிப் பிள்ளையைக் கொடிக்கு வணக்கம் வைக்கச் சொல்லி அரசுப் பள்ளி கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1943-இலேயே, அதுவும் உலகப் போரின் நடுவில், தீர்ப்புச் சொல்லிவிட்டது. என்எஃப்எல்லோ தனியார் அமைப்பு. முதலாளி சொல்வது பிடிக்கவில்லை என்றால் ஊழியர் கையில் இருப்பது ஒப்பந்தமும் யூனியனும் மட்டுமே.

ஆக, ஒப்பந்தம் என்ன சொன்னது என்பதே இங்கு முக்கியம். கூடைப்பந்து லீகான என்பிஏவில் கீதத்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று விதியே உண்டு. 1996 மார்ச்சில் டென்வர் அணியின் மஹ்மூத் அப்துல் ரவூஃப் நிற்க மறுத்தபோது இந்த விதியின்படிதான் ஓர் ஆட்டத்துக்குத் தடையும் 31,707 டாலர் சம்பளப் பிடித்தமும் விழுந்தன. பிறகு நின்றபடி தலைகுனிந்து பிரார்த்தனை செய்துகொள்ள ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவருடைய வாழ்க்கைப்பாதை முன்போல் இருக்கவில்லை. என்எஃப்எல்லின் நடைமுறைக் கையேட்டில் 2016-இல் இருந்தது "நிற்பது நல்லது" என்ற தொனியிலான வாசகம்தான். அதனால் கேப்பர்னிக்குக்கு அபராதமோ தடையோ விதிக்கப்படவில்லை. அந்த சீசன் முழுக்க மண்டியிட்டார், ஆடினார்.

அவரை "வேலையைவிட்டுத் தூக்கினார்கள்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நடந்தது அதைவிடச் சிக்கலானது. 2017 மார்ச்சில் அவரே ஒப்பந்தத்திலிருந்து விலகினார். விலகாவிட்டாலும் அனுப்பியிருப்போம் என்று அணியின் புதிய மேலாளர் சொன்னார். அதன்பின் 32 அணிகளில் ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை. ஆட்டக் காரணங்களும் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. தோள், கட்டைவிரல், முழங்கால் என்று அறுவை சிகிச்சைகள். 2016-இல் அவர் தொடங்கிய 11 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே அணி வென்றது. ஆனால் அதே சீசனில் அவர் வீசியவற்றில் டச் டவுனாகிப் புள்ளி தந்தவை 16, எதிரணி பிடித்துக்கொண்டவை 4. இந்தக் கணக்கோடு ஒருவர் மாற்று குவாட்டர்பேக்காகக்கூட எங்கும் இடம் கிடைக்காமல் போவது அந்த லீகில் வழக்கமில்லை.

2017 அக்டோபரில் அவர் கூட்டுச்சதி புகார் கொடுத்தார். யூனியன் ஒப்பந்தத்தின் 17-ஆவது பிரிவு, ஆட்டக்காரரை எடுக்கக் கூடாது என்று அணிகள் தங்களுக்குள்ளோ லீக்குடனோ பேசி வைத்துக்கொள்வதைத் தடை செய்கிறது. நிரூபிப்பதுதான் கஷ்டம். யாரும் எடுக்கவில்லை என்பது மட்டும் ஆதாரமாகாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 32 முதலாளிகளும் தனித்தனியாக, "இவரை எடுத்தால் அதிபர் ட்வீட் போடுவார், டிக்கெட் வாங்குபவர்கள் கத்துவார்கள்" என்று பயந்து ஒதுங்கியிருந்தால் அது சதி ஆகாது. இரண்டு அணிகள் பேசிக்கொண்டிருந்தால் ஆகும். வித்தியாசம் ஒரு தொலைபேசி அழைப்பிலோ மின்னஞ்சலிலோ இருக்கிறது. 2018 ஆகஸ்டில் நடுவர் ஸ்டீஃபன் பர்பேங்க், வழக்கை விசாரணையின்றித் தள்ளுபடி செய்ய முடியாது என்று உத்தரவிட்டார். 2019 பிப்ரவரி 15 அன்று லீக் அவரோடும் ரீடோடும் சமரசம் செய்துகொண்டது. தொகை ரகசியம். சதி நடந்தது என்று தீர்ப்பு வரவில்லை, நடக்கவில்லை என்றும் வரவில்லை. இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்வது இதனால்தான்.

இதற்கிடையில் நடந்த ஒன்று விவாதத்தையே தடம் மாற்றியது. 2017 செப்டம்பர் 22 அன்று அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் பேசிய அதிபர் டிரம்ப், மண்டியிடும் ஆட்டக்காரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டி, முதலாளிகள் அவர்களை வெளியேற்ற வேண்டும் என்றார். அதற்கு முந்தைய வாரம் மண்டியிட்டவர்கள் ஒரு கைப்பிடி. அந்த ஞாயிற்றுக்கிழமை 200-க்கும் மேற்பட்டவர்கள் மண்டியிட்டோ உட்கார்ந்தோ இருந்தார்கள். முதலாளிகளும் கைகோத்து நின்றார்கள். போராட்டம் ஜெயித்த மாதிரி தோன்றும். என் பார்வையில் அது தோற்ற நாள் அதுதான். டிரம்பை எதிர்ப்பதா, ஆதரிப்பதா என்று கேள்வி மாறியது. காஸ்டீல் பெயரை யாரும் சொல்லவில்லை. அதே நாளில் பிட்ஸ்பர்க் அணி உள்ளேயே இருந்துவிட முடிவெடுத்தபோது, ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அலெஹாண்ட்ரோ விலனுவேவா மட்டும் சுரங்கப்பாதை வாசலில் தனியாக நிற்கும் படம் பரவியது. மறுநாள் அவரே, சகாக்களைத் தவறாகக் காட்டிவிட்டேனே என்று வருந்தினார். யாருக்கும் வேண்டாத பக்கத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்த வாரம்.

2018 மே மாதம் லீக் புது விதி போட்டது: மைதானத்தில் இருந்தால் நிற்க வேண்டும், விருப்பமில்லாதவர் உள்ளேயே இருக்கலாம், மீறினால் அணிக்கு அபராதம். யூனியன் புகார் கொடுத்ததும் ஜூலையில் அது நிறுத்திவைக்கப்பட்டது.

இனி போலீஸ் தரப்பு. இதில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம், மைதானத்துக்கும் போலீஸுக்கும் இடையே இருக்கும் நேரடிப் பணத் தொடர்பு. அமெரிக்க நகரங்களில் காவலர்கள் பணி முடிந்த நேரத்தில், சீருடையோடும் துப்பாக்கியோடும், தனியார் நிகழ்ச்சிகளுக்குக் காவல் நிற்கலாம். சம்பளம் நிகழ்ச்சி நடத்துபவர் தருவது. அதனால் ஆட்டக்காரர் ஒன்று சொன்னால் போலீஸ் யூனியன் உடனே திருப்பிச் சொல்ல ஒரு பிடி இருக்கிறது.

2016 ஜூலை 9, மினியாபொலிஸ். பெண்கள் கூடைப்பந்து அணியான லிங்ஸின் ஆட்டக்காரர்கள் ஒரே மாதிரி கறுப்புச் சட்டையில் வந்தார்கள். முன்பக்கம், மாற்றம் நம்மிலிருந்தே தொடங்குகிறது என்ற வாசகம். பின்பக்கம் காஸ்டீல், ஸ்டெர்லிங் பெயர்கள். அவற்றோடு இரண்டு நாள் முன்பு 5 பேரை இழந்த டாலஸ் காவல்துறையின் சின்னம். இரு தரப்பு இறப்புகளுக்கும் ஒரே சட்டையில் இடம் கொடுத்திருந்தார்கள். அப்படியும் அன்று காவலுக்கு வந்திருந்த 4 காவலர்கள் பாதியில் கிளம்பிப் போனார்கள். யூனியன் தலைவர் பாப் க்ரோல் அவர்களைப் பாராட்டினார். நகரக் காவல்துறைத் தலைவரோ, வேலையைப் போட்டுவிட்டுப் போனது சரியில்லை என்றார். நான்கு ஆண்டு கழித்து அதே நகரப் போலீஸால் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோதும் அந்த யூனியனுக்குத் தலைவர் க்ரோல்தான். பெண்கள் கூடைப்பந்து லீக் நிர்வாகமும் இதே மாதிரி கறுப்புச் சட்டை அணிந்த மற்ற மூன்று அணிகளுக்கு 5,000 டாலர், ஆட்டக்காரருக்கு 500 டாலர் என்று அபராதம் போட்டுவிட்டு, எதிர்ப்பு வந்ததும் ரத்து செய்தது. (அந்த லிங்ஸ் அணியின் மாயா மூர் பிறகு ஆட்டத்தின் உச்சத்தில் விலகி, தவறான தண்டனையில் இருபதாண்டுக்கு மேல் சிறையிலிருந்த ஜொனாதன் அயர்ன்ஸை மீட்க உழைத்தார். 2020 ஜூலை 1 அன்று அவர் வெளியே வந்தார். இந்தத் தலைப்பில் அதிகம் பேசப்பட வேண்டிய பெயர் இவருடையது என்பேன்.)

கேப்பர்னிக் விஷயத்தில், அணியின் மைதானம் இருக்கும் சான்டா கிளாராவின் போலீஸ் யூனியன், அணி நடவடிக்கை எடுக்காவிட்டால் மைதானக் காவலுக்கு வரமாட்டோம் என்று எச்சரித்தது. காவல்துறைத் தலைவர் குறுக்கிட்டு, பாதுகாப்பு தொடரும் என்றார். இங்கே கேப்பர்னிக் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். பயிற்சியின்போது அவர் அணிந்த காலுறையில் போலீஸ் தொப்பி போட்ட பன்றிப் படங்கள் இருந்தன. கெட்ட போலீஸ்காரர்களைத்தான் குறித்தேன் என்று விளக்கினார். டாலஸ் இறுதிச் சடங்குகள் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். கொள்கையைப் பற்றிப் பேச வேண்டிய வாதத்தை அந்தக் காலுறை ஆட்களைப் பற்றிய வசையாக்கியது. அவரை ஆதரிக்கத் தயாராக இருந்த பல காவலர் குடும்பங்கள் அங்கேயே கழன்றுகொண்டன.

2014 நவம்பரில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் ஆட்டக்காரர்கள் 5 பேர் கைகளை மேலே தூக்கியபடி மைதானத்துக்குள் வந்ததும் இப்படித்தான். மிசூரி மாநிலம் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் கையைத் தூக்கிச் சரணடையும்போது போலீஸால் சுடப்பட்டார் என்பது அதன் பொருள். 2015 மார்ச்சில் மத்திய அரசின் நீதித் துறை, அதற்கு நம்பத்தகுந்த சாட்சியம் இல்லை என்று சொல்லி, சுட்ட காவலர்மேல் வழக்குப் போட மறுத்தது. அதே நாளில் அதே துறை வெளியிட்ட இன்னோர் அறிக்கை, ஃபெர்குசனின் மக்கள்தொகையில் 67 சதவீதமான கறுப்பினத்தவர்தான் கைதுகளில் 93 சதவீதம் என்றும், அபராத வருமானத்துக்காகவே நகரம் போலீஸை ஏவியது என்றும் காட்டியது. இரண்டில் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுபவரை நம்பாதீர்கள்.

எண்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் உண்டு. போலீஸ் கையால் இறந்தவர்களின் முழுமையான அரசுக் கணக்கு கிடையாது. எஃப்பிஐ 2019-இல் தொடங்கிய பதிவும் விருப்பப்பட்டால் அனுப்பும் வகை. வாஷிங்டன் போஸ்ட் 2015 முதல் திரட்டிய கணக்கின்படி ஆண்டுக்குச் சுமார் 1,000 பேர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எண்ணிக்கையில் வெள்ளையர் அதிகம். மக்கள்தொகை விகிதத்தில் கறுப்பினத்தவர் இறப்பது வெள்ளையரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டும் உண்மை. சண்டை வகுக்கும் எண்ணில் வருகிறது: மக்கள்தொகையால் வகுப்பதா, போலீஸோடு ஏற்படும் சந்திப்புகளால் வகுப்பதா? பொருளாதார ஆய்வாளர் ரோலண்ட் ஃபிரையர் 2016-இல் இரண்டாவது வழியைப் பின்பற்றினார். துப்பாக்கிச் சூட்டில் இன வேறுபாடு தெரியவில்லை, ஆனால் தள்ளுவது, விலங்கிடுவது போன்ற சிறு பலப்பிரயோகத்தில் கறுப்பினத்தவருக்கு 50 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு அதிகம் என்று கண்டார். மறுப்பும் வலுவானது: காரணமில்லாமல் யாரை நிறுத்துவது என்பதிலேயே பாரபட்சம் இருந்தால், நிறுத்தப்பட்டவர்களை மட்டும் வைத்துச் செய்யும் கணக்கு அந்தப் பாரபட்சத்தை மறைத்துவிடும். என் நிலை இந்த மறுப்பின் பக்கம். ஆனால் ஃபிரையரைப் படிக்காமலே திட்டுவது முறையல்ல.

இப்போது அந்தச் சம்பள விடுப்பு. ஒரு காவலர் சுட்டு ஒருவர் இறந்தால் முதலில் அவரைச் சம்பளத்தோடு பணியிலிருந்து விலக்கி வைப்பார்கள். பார்ப்பவருக்கு ஆத்திரம் வரும். ஆனால் 1985-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, நிரந்தர அரசு ஊழியரை விளக்கம் கேட்காமல் வேலைநீக்கம் செய்ய முடியாது. ஆசிரியருக்கும் துப்புரவாளருக்கும் இதே பாதுகாப்புதான். போலீஸ் தரப்பின் உண்மையான நியாயம் இங்கே இருக்கிறது. தவறு அடுத்தடுத்த கட்டங்களில்தான் சேர்கிறது.

விசாரணை இரண்டாகப் பிரியும்: துறை விசாரணை, குற்ற விசாரணை. துறை விசாரணையில் வேலை போகும் என்று மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது 1967-இன் கேரிட்டி தீர்ப்பு. இரண்டையும் தெரியாமல் கலந்துவிட்டால் குற்ற வழக்கே கெட்டுவிடும். அதனால் துறை விசாரணை மாதக்கணக்கில் தள்ளிப்போகும். சில மாநிலச் சட்டங்களும் யூனியன் ஒப்பந்தங்களும் காவலரை விசாரிக்கும் முன் காத்திருப்புக் காலம் கொடுத்தன. மேரிலாந்தில் 2016 வரை அது 10 நாள். சாதாரணக் குடிமகனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

பிறகு கவுண்டி (மாவட்ட) அரசு வழக்கறிஞர். தன் எல்லா வழக்குகளுக்கும் அதே போலீஸின் சாட்சியத்தை நம்பியிருப்பவர். பொறுப்பைத் தட்டிக்கழிக்க வேண்டுமென்றால் கிராண்ட் ஜூரியிடம், அதாவது குற்றம் சாட்டலாமா என்று தீர்மானிக்கும் குடிமக்கள் குழுவிடம், அனுப்பிவிடலாம். அங்கே நடப்பது ரகசியம், எந்தச் சாட்சியம் வைப்பது என்பதும் அவர் கையில்தான். வழக்கு நீதிமன்றம் போனால் 1989-இன் கிரஹாம் தீர்ப்பு காத்திருக்கும்: அந்த நொடியில், அந்த இடத்தில், நியாயமான ஒரு காவலர் அப்படி நினைத்திருப்பாரா என்பதே அளவுகோல். நிகழ்ச்சி முடிந்தபின் தெரியவந்ததை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

காஸ்டீல் வழக்கை இந்தப் படிகளில் வைத்துப் பாருங்கள். பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தப்பட்ட கார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே மரியாதையாகச் சொன்னார். அதற்கு உரிமமும் இருந்தது. காவலர் 7 முறை சுட்டார். அரசு வழக்கறிஞர் ஜான் சோய் கிராண்ட் ஜூரிக்குப் பின்னால் ஒளியாமல் தானே குற்றம் சாட்டினார். அப்படியும் 2017 ஜூன் 16 அன்று ஜூரி விடுதலை செய்தது. துப்பாக்கியை எடுக்கப் போகிறார் என்று பயந்தேன் என்ற வாக்கு போதுமானதாக இருந்தது. தாய்க்கு 29.95 லட்சம் டாலர் இழப்பீடு காப்பீட்டிலிருந்து வந்தது. எல்லாப் படிகளும் ஒழுங்காக நடந்த வழக்கு இது. ஒழுங்காக நடந்தும் முடிவு இதுதான் என்பதே கேப்பர்னிக் தரப்பின் வலுவான வாதம்.

எரிக் கார்னர் 2014 ஜூலையில் நியூயார்க்கில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டவில்லை. நெரித்த காவலர் 2019 ஆகஸ்டில்தான் வேலை நீக்கப்பட்டார். அந்த ஐந்து ஆண்டும் மேசை வேலை, சம்பளம் உண்டு. நகரம் குடும்பத்துக்கு 59 லட்சம் டாலர் கொடுத்தது. இழப்பீட்டைக் காவலர் ஏறத்தாழ கொடுப்பதே இல்லை: 44 பெரிய காவல் அமைப்புகளை ஆராய்ந்த ஜோனா ஷ்வார்ட்ஸ், கொடுக்கப்பட்ட தொகையில் காவலர்களின் பங்கு 0.02 சதவீதம் என்று கண்டார். சிவில் வழக்குக்கே இன்னொரு தடை, குவாலிஃபைட் இம்யூனிட்டி. ஏறத்தாழ அதே சூழலில் அதே செயல் சட்டவிரோதம் என்று முன்பே ஒரு தீர்ப்பு இருந்தாலொழிய வழக்கு தள்ளுபடியாகிவிடும். முன்தீர்ப்பு இல்லாததால் தள்ளுபடி, தள்ளுபடியானதால் முன்தீர்ப்பு உருவாவதில்லை.

2020 மே 25 அன்று ஃபிளாய்ட் இறந்தபின், ஜூன் 5 அன்று என்எஃப்எல் தலைவர் ரோஜர் குடெல், ஆட்டக்காரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்றார். கேப்பர்னிக் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஆண்டில் கனமான காரியம் செய்தது மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி. விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் ஜேக்கப் பிளேக் போலீஸால் சுடப்பட்ட மூன்றாம் நாள், ஆகஸ்ட் 26 அன்று, பிளேஆஃப் ஆட்டத்துக்கு அவர்கள் மைதானத்துக்கே வரவில்லை. வெறும் சைகையாக விடாமல், அறைக்குள்ளிருந்தே மாநிலத் துணை ஆளுநரிடமும் தலைமைச் சட்ட அதிகாரியிடமும் பேசினார்கள். பல மாதம் கூடாத மாநிலச் சட்டமன்றம் கூடி போலீஸ் சீர்திருத்தத்தை எடுக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டார்கள். ஆகஸ்ட் 31 அன்று சட்டமன்றத்தைத் திறந்து, எதுவும் விவாதிக்காமல் நிறுத்திவைத்தார்கள். பிளேக்கிடம் கத்தி இருந்ததாகச் சொல்லி, 2021 ஜனவரியில் அரசு வழக்கறிஞர், சுட்ட காவலர்மேல் குற்றம் சாட்ட மறுத்தார். ஆனால் இதே கெனோஷாவில் 2004-இல் மகனை போலீஸ் தோட்டாவுக்கு இழந்த ஒரு தந்தை பத்தாண்டு அலைந்ததன் பலனாக, போலீஸ் கையால் நேரும் மரணங்களை வெளி அமைப்பே விசாரிக்க வேண்டும் என்ற சட்டம் 2014-இல் விஸ்கான்சினில் ஏற்கெனவே வந்திருந்தது. அத்தகைய சட்டத்தில் அதுவே நாட்டின் முதலாவது.

கட்டாயத்தின் மறுபக்கத்தையும் கிரிக்கெட் ரசிகர்கள் பார்த்திருக்கிறார்கள். 2021 டி20 உலகக் கோப்பையின் நடுவில் தென்னாப்பிரிக்க வாரியம் எல்லோரும் மண்டியிட வேண்டும் என்று உத்தரவிட, குவின்டன் டி காக் மேற்கிந்தியத் தீவுகளுடனான ஆட்டத்திலிருந்து விலகினார். இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டு, அடுத்து இலங்கையுடன் ஆடியபோது மண்டியிட்டார். நிற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதைக் கண்டிப்பவர்கள் மண்டியிடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதையும் கண்டிக்க வேண்டும். உத்தரவின்பேரில் செய்யும் சைகைக்கு எதிர்ப்பு என்று பெயர் வைக்க முடியாது.

சட்டத்தில் மாறியவை மாநில அளவில்தான். நியூயார்க் 2020 ஜூனில் காவலரின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை மறைத்துவந்த 50-ஏ பிரிவை நீக்கியது. அதே மாதம் கொலராடோ தன் மாநில நீதிமன்ற வழக்குகளில் குவாலிஃபைட் இம்யூனிட்டியை எடுத்துவிட்டது. நல்லெண்ணமின்றி நடந்த காவலர் தன் பையிலிருந்து 25,000 டாலர்வரை கட்ட நேரிடலாம். மேரிலாந்து 2021-இல் காவலருக்கான தனி விசாரணைச் சட்டத்தையே ரத்து செய்தது. ஃபிளாய்ட் பெயரிலான மத்திய மசோதா 2021 மார்ச்சில் கீழவையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது.

கிரஹாம் அளவுகோலில் ஒரு நகர்வு 2025 மே 15 அன்று வந்தது. காவலருக்கு ஆபத்து தோன்றிய அந்தச் சில நொடிகளை மட்டும் பார்த்தால் போதும் என்று சில மத்திய நீதிமன்றங்கள் கடைப்பிடித்த விதியை, பார்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நீக்கியது. அதற்கு முன் நடந்ததையும் சேர்த்தே எடைபோட வேண்டும். சுங்கக் கட்டணம் கட்டாத காரை டெக்சஸில் நிறுத்தியபோது நடந்த அந்தச் சாவு, கேப்பர்னிக் முதன்முதலில் உட்காருவதற்கு நாலு மாதம் முன்பு, 2016 ஏப்ரலில் நிகழ்ந்தது. யார் பக்கம் நியாயம் என்பதை உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. சரியான அளவுகோலில் மறுபடி பார்க்கச் சொல்லிக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.